வெள்ளி தெரிந்த இடம்

அத்தியாயம் பதினொன்று

நான்தான் கெடுத்தேன். பழியை வேறு யார் தலையிலாவது போட முடியுமா என்று கால்மணி நேரம் யோசித்தும் பார்த்தேன். அந்த நேரத்தில் பட்டறையில் என்னைத் தவிர இருந்தது கம்ப்ரசர் மட்டும்தான். அதுவும் ஓடாமல் நின்றிருந்தது.

கெடுத்தது ஒரு ஸ்கூட்டரின் முன் தகட்டை. ஆழ்ந்த ஊதா. அதற்கு அடியில் கடுகில் பாதி அளவு வெள்ளி மினுக்குத் துகள்கள், ஆயிரக்கணக்கில். எங்கள் தொழிலில் அதற்கு ஃப்ளேக் என்று பெயர். அடித்த உடனே தொட்டுப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். துகள்களை மூழ்கடிக்க ஊதாவுக்கும் மேல் நிறமில்லாத கிளியரை ஐந்து ஆறு தடவை அடிப்போம். அது நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டு, மெல்லிய தாளால் தேய்த்து, கண்ணாடி போலச் சமமாக்க வேண்டும்.

தேய்ப்பது என் இலாகா. பதினெட்டு வருஷமாகத் தேய்க்கிறேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று கைக்கே தெரியும். இன்று காலை கைக்குத் தெரியவில்லை; கைக்குச் சொந்தக்காரன் வேறெங்கோ இருந்தான்.

கிளியரைத் தாண்டி, ஊதாவைத் தாண்டி, துகள்களின் தலையையே சீவிவிட்டேன். ஊதாவுக்கு நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று துகளின் வெறும் அலுமினியம். குனிந்து பார்த்தேன். என் வழுக்கை உச்சந்தலையை மேலிருந்து பார்ப்பது போலவே இருந்தது.

சாதாரண பெயின்ட் என்றால் அந்த இடத்தில் மட்டும் தொட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிடலாம். இதில் அந்தப் பாச்சா பலிக்காது. அந்த ஊதா, நிறக் கண்ணாடி மாதிரி வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பும் பூச்சு. எத்தனை தடவை, எந்த வேகத்தில், எவ்வளவு தள்ளி நின்று அடித்தோமோ அதுதான் நிறம். ஒட்டுப் போட்டால் ஒட்டு, ஒட்டாகவே நிற்கும். முழுத் தகட்டையும் தேய்த்து எடுத்து முதலிலிருந்து அடிக்க வேண்டும். அதுவும் மற்ற பாகங்களை அடித்த அதே கை.

அந்தக் கை என் மனைவியுடையது. அந்தக் கைதான் பதினாறு நாளாக, பெயின்ட் தெளிக்கும் கன்னைத் தொடவில்லை.

இந்த வாரம்தான் இந்தத் தொடருக்குள் வருகிறவர்கள் ஓரமாக உட்காருங்கள். எதிலும் சாய வேண்டாம், ஈரம். இந்தப் பட்டறையில் கன் பிடிப்பவள் என் மனைவி. நான் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவேன். தேய்ப்பது, டேப் ஒட்டுவது, வாடிக்கையாளரைச் சிரிக்க வைப்பது எல்லாம் என் வேலை. எங்களுக்கு ஒரே மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வாரம் மேஸ்திரி மகளிடம் போனில் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த என் காதில் விழுந்தது.

"இந்த மாசத்தோட விட்டுடறேன். அப்பாகிட்ட மட்டும் வாயத் திறக்காத."

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் மெயின் ரோட்டுப் பெரிய ஷெட்டின் மேனேஜர், வெள்ளைச் சட்டையோடு, 'சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு' வந்திருந்தார். பெயின்ட் பட்டறைக்குள் வெள்ளைச் சட்டையோடு யாராவது சும்மா வருவார்களா? இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். கூட்டிய கணக்கை நினைத்தபடியே தேய்த்தேன். அலுமினியம் தெரிந்துவிட்டது.

மேஸ்திரி வரும் சத்தம் கேட்டதும் தகட்டின் மேல் ஒரு துணியைப் போட்டேன்.

"துணி எதுக்கு?"

"அதுக்குக் குளிருது."

"எடுங்க."

எடுத்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. விரலால் அந்த வழுக்கையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். தொடவில்லை, காற்றிலேயே.

"ஞாபகம் எங்க இருந்தது?"

"கையிலதான்."

"கையில இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது."

"சரி, நீயே அடிச்சிடு மேஸ்திரி. உரிச்சு, அடிப்பூச்சு பேஸை ரோலர்ல போட்டு நான் ரெடி பண்றேன். பதினோரு மணிக்கு நீ கன்னைப் பிடி."

அவள் பூத்தைப் பார்த்தாள். பூத் என்பது கன் அடிக்கும் கண்ணாடி அறை. பின்பக்கம் காற்றை இழுத்து வெளியே தள்ளும் பெரிய ஃபேன் உண்டு. வாசலிலிருந்து பார்த்தாளே தவிர, கிட்டே போகவில்லை.

"இன்னைக்குக் காத்துல ஈரம் இருக்கு."

வெளியே வெயில் தார்ப்பாயை உருக்கிக்கொண்டிருந்தது.

"கன் ஊசியும் தேஞ்சு போச்சு."

"போன வாரம்தானே புதுசு மாத்தினேன்."

"மணிக்கட்டு வேற வலிக்குது."

ஒரு கேள்விக்கு மூன்று காரணம் வந்தால் நான்காவதுதான் நிஜம். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே விஷயம் அது. காய்ச்சலோடு அடித்தவள் இவள். கரண்ட் போனபோது காரின் ஹெட்லைட்டைப் போட்டு அதன் வெளிச்சத்தில் அடித்தவள்.

கேட்டிருக்கலாம். 'பெரிய ஷெட்டுக்குப் போறியா?' மூன்றே வார்த்தை. எனக்கு வந்தது என்னவோ, "மணிக்கட்டுக்கு நான் வேணா பேஸ் கோட் போட்டு விடட்டுமா?" என்பதுதான்.

அவள் சிரித்தாள். நான் என்ன சொன்னாலும் சிரித்துவிடுவாள். அதுதான் என் பலமும், இப்போது யோசித்தால், என் கேடும்.

நான் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஸ்கூட்டர்காரம்மா வந்து இறங்கினார். தையல் கடை வைத்திருப்பவர். இடது கால் சிறு வயதிலேயே சூம்பிப் போனது. அவருடையது பின்னால் இரண்டு பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். மூன்று வாரமாக அது எங்களிடம் இருக்கிறது; அவர் கொழுந்தனாரின் பைக் பின்னால் உட்கார்ந்து அலைகிறார்.

முதல் நாள் நிறத்தட்டைக் காட்டியபோது எல்லோரும் கேட்கிற சாம்பலையோ கருப்பையோ அவர் கேட்கவில்லை. "எப்படியும் எல்லாரும் திரும்பிப் பாக்கத்தான் போறாங்க. பாக்கறதுக்கு நானே ஒரு காரணம் குடுத்துடறேன். இருக்கறதுலயே ஜாஸ்தி மினுக்கறது எது?" என்று கேட்டவர்.

ஊன்றுகோலோடு உள்ளே வந்து, நுரையும் தண்ணீருமாக உரிந்து கிடந்த தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என் வண்டி மூஞ்சி எங்க சார்?"

"முகம் கழுவிக்கிட்டிருக்கும்மா. ஒரு சின்ன..."

"உங்ககிட்ட கேக்கல. மேஸ்திரிம்மா, நீங்க சொல்லுங்க. என் கொழுந்தன் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் 'அண்ணி, புடிச்சுக்குங்க'ங்கறான். தெருவே கேக்குது. இன்னும் எத்தன நாள்?"

"நாளான்னைக்கு சாயங்காலம்," என்றாள் மேஸ்திரி. "இவர் கை தவறிடுச்சு. அதே ஊதா வரும். நான் பாத்துக்கறேன்."

"நீங்க சொன்னா சரி. இவர் சொல்லியிருந்தா இங்கயே தையல் மிஷினைக் கொண்டாந்து போட்டு உக்காந்திருப்பேன்."

அவர் போனதும் நான் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். "அப்பாடா. நான் பாத்துக்கறேன்னு நீயே சொல்லிட்ட. மணிக்கட்டு சரியாயிடுச்சு போல."

"பாத்துக்கறேன்னுதான் சொன்னேன். அடிக்கப் போறது நீங்க."

"நானா?"

"நீங்கதான். வெளியில நின்னு நான் சொல்றேன்."

பதினெட்டு வருஷத்தில் நான் கன் பிடித்தது ஒரே தடவை. அன்று ஒரு கதவுக்கு அடித்தேன். கதவு நன்றாகவே வந்தது. பக்கத்தில் படுத்திருந்த பூனையும் நன்றாகவே வந்தது. அதற்குப் பிறகு என்னிடம் யாரும் கன் கொடுக்கவில்லை.

எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தாலும் எனக்கு நகைச்சுவையாகத்தான் வரும். "பெரிய ஷெட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி புருஷனுக்கு ட்ரெய்னிங்கா மேஸ்திரி?"

அவள் முகம் அப்படியே நின்றது.

"யார் சொன்னா?"

"காத்து. ஈரக் காத்து."

இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தாள். புத்தம் புது முகமூடி. முகம் முழுவதையும் மூடும் கண்ணாடி, பின்னால் சுத்தமான காற்று வரும் குழாய். நான் பார்த்ததே இல்லை.

"இது எப்ப வந்தது?"

"போன வாரம் வாங்கினேன். உக்காருங்க."

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளே மாட்டிவிட்டாள். பட்டையை இழுத்தாள், காது பக்கம் விரலை விட்டுப் பார்த்தாள், மறுபடி இழுத்தாள். என் மூக்குக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அவள் மூக்கு சிறியது. இதை அவள் தனக்காக வாங்கவில்லை என்பது அந்தக் கண்ணாடிக்குள் இருந்தே எனக்குப் புரிந்தது. ஏன் என்பதுதான் புரியவில்லை.

வேறொன்றும் ஞாபகம் வந்தது. ஏழெட்டு வருஷம் முன்னால் இதே மாதிரி ஒரு முகமூடியின் படத்தைக் காட்டி, வாங்கலாமா என்று கேட்டாள். நான், "நீ என்ன நிலாவுக்கா போற?" என்றேன். சிரித்தாள். நாங்கள் புது கம்ப்ரசர் வாங்கினோம். அவள் பழைய துணி மாஸ்க்கோடே அடித்துக்கொண்டிருந்தாள்.

பேஸ் காய்ந்ததும் உள்ளே போனேன். பூச்சைக் கெட்டியாக்கும் ஹார்டனர் கலந்த கிளியரில் வெள்ளித் துகளைக் கொட்டி, கன்னின் கோப்பையில் ஊற்றி, கூடவே இரண்டு சைக்கிள் பால்ரஸ் குண்டுகளையும் போட்டேன். துகள் கனம், நிமிஷத்தில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். கையை ஆட்டினால் குண்டு உருண்டு அதைக் கலக்கிக்கொண்டே இருக்கும். மேஸ்திரி கண்டுபிடித்த வழி.

அவள் பூத் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். ஒரு தட்டு தட்டினால் நகர வேண்டும். இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும்.

முதலில் பழைய அட்டையில் அடித்துப் பார்த்தேன். துகள்கள் ஓர் ஓரத்தில் கும்பலாகக் கூட்டம் போட்டன, மறு ஓரத்தில் ஒருவரும் இல்லை. கண்ணாடியில் வேகமாக நான்கு தட்டு. நான்குக்கு நாங்கள் அர்த்தம் பேசிவைக்கவில்லை, ஆனாலும் புரிந்தது.

இரண்டாவது அட்டை. அவள் வெளியே தன் கையை நீட்டி, இல்லாத கன்னைப் பிடித்துக்கொண்டு, இடமிருந்து வலம் போனாள். நான் உள்ளே அவள் கையைப் பார்த்துக்கொண்டே போனேன். மணிக்கட்டு மடங்கவில்லை, தோள் மட்டும் நகர்ந்தது. தகட்டைத் தாண்டிப் போய்த்தான் திரும்பினாள். நானும் தாண்டிப் போய்த் திரும்பினேன். டக். டக். டக்.

மூன்றாவதாகத் தகடு. அவள் தோள் எங்கே நின்றதோ அங்கே என் தோள் நின்றது. அடித்து முடித்து விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளி தகடு முழுக்க ஒரே சீராகப் படுத்திருந்தது. ஊதா நாளைதான். ஆனால் அடி சரியாக விழுந்துவிட்டது.

இந்த ஐம்பது வயதில், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பையன் மாதிரி எனக்குத் துள்ளியது. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கையில் கன்னோடு, கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

"மேஸ்திரி! பாத்தியா! பூனை எதுவும் சிக்கல!"

என்னோடு சேர்ந்து பூத் காற்றும் வெளியே வந்தது.

அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொன்று. கையை நீட்டி என்னைத் தடுத்தாள். நான் விளையாட்டென்று நினைத்து இன்னும் கிட்டே போனேன். சுவரில் முதுகு முட்டியதும் நின்றாள். வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அப்பா! அப்படியே நில்லுங்க! அம்மாகிட்டப் போகாதீங்க!"

வாசலில் மகள். மதிய ஷிஃப்டுக்குப் போகும் வழியில் வந்தவள், பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"கதவச் சாத்துங்க! கன்னக் கீழ வைங்க! தள்ளிப் போங்க, இன்னும் தள்ளி!"

அம்மாவை அணைத்து வெளியே கூட்டிக்கொண்டு போய், கேட் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்தாள். பையிலிருந்து நீல நிறத்தில் சின்னப் பம்ப்பை எடுத்து அவள் வாயில் வைத்தாள். "இழும்மா. மெதுவா. பிடிச்சுக்கோ. இன்னொன்னு." அந்த வேகத்தைப் பார்த்தால் இது முதல் தடவை அல்ல என்று தெரிந்தது.

நான் முற்றத்தின் மறு கோடியில், தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். என் மனைவிக்கு மூச்சு வரவில்லை; நான் கிட்டே போகக் கூடாது. இருபது அடி தூரம். என் உடம்பிலும் துணியிலும் ஒட்டியிருந்ததுதான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது. மேல் அங்கியைக் கழற்றி எறிந்தேன். சட்டையையும் கழற்றினேன். குழாயைத் திறந்து சோப்பைப் போட்டுக் கைகளைத் தேய்த்தேன். நிறுத்த வேண்டிய இடம் தெரியாமல் தேய்த்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாக விசில் அடங்கியது. மகள் என் பக்கம் பாதி தூரம் நடந்து வந்து நின்றாள்.

"ஹார்டனர்ப்பா. கிளியர்ல கலக்கறீங்களே, அது. அத்தன வருஷம் உள்ள போயிருக்கு. இப்ப அம்மா உடம்பு அத எதிரின்னு முடிவு பண்ணிடுச்சு. மாத்திக்காது. கொஞ்சம் பட்டாலும் இப்படித்தான். அடுத்த தடவ எவ்வளவு மோசமாகும்னு டாக்டருக்கே சொல்லத் தெரியல. கன் பக்கமே போகக் கூடாதுன்னுட்டார். அம்மா இன்னைக்கு அந்தக் கண்ணாடிகிட்ட நின்னதே தப்பு."

"எப்பலேருந்து?"

"தெரிஞ்சு பதினாறு நாள். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா." கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நான் போகணும். ஒரு மணி நேரத்துல போன் பண்றேன். ரெண்டு பேரும் பேசுங்க. அப்பா, இப்ப ஜோக் அடிச்சீங்கன்னு தெரிஞ்சுது, லீவு போட்டுட்டுத் திரும்பி வருவேன்."

அவள் போனாள். முற்றத்தில் வெயில் மட்டும் இருந்தது. இந்தக் கோடியில் வெற்றுடம்போடு, சொட்டச் சொட்ட நான். அந்தக் கோடியில் பெஞ்சில் அவள். மனசுக்குள் பேச வேண்டியதை எல்லாம் கத்திப் பேச வேண்டிய தூரம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஜோக் அடிப்பீங்க," என்றாள். குரல் கரகரத்தது. "அடிச்சு என்னைச் சிரிக்க வெச்சுட்டு, நீங்க சாப்பிட மாட்டீங்க. தூங்க மாட்டீங்க. ஒண்ணும் இல்லாத மாதிரி நடிப்பீங்க. எனக்கே மூச்சு வாங்குது. உங்க நடிப்பையும் சேத்துப் பாக்கத் தெம்பில்ல."

வாய் பழக்கத்தில் திறந்தது; மூடிவிட்டேன்.

"அன்னைக்கு அந்த மாஸ்க்," என்றேன். "நிலாவுக்கா போறன்னு கேட்டேன்."

"நானும்தான் சிரிச்சேன்."

"நீ கேட்ட. நான் வாங்கல."

"ஆமா," என்றாள். "நான் கேட்டேன். நீங்க வாங்கல." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதான் இப்ப உங்களுக்கு வாங்கினேன்," என்றாள்.

குழாயை இன்னும் திறந்தே வைத்திருந்தேன். தண்ணீர் காலைச் சுற்றி ஓடியது. அதில் இரண்டு மூன்று வெள்ளித் துகள்கள் மிதந்து போயின.

"அந்தப் பெரிய ஷெட்," என்றேன்.

"துணி மாத்துங்க. ஈரத்தோட நிக்காதீங்க."

"மேஸ்திரி."

"கூப்பிட்டாங்க. நிறம் பாக்கற வேலை. எந்த வண்டிக்கு எந்த ஃப்ளேக், எவ்வளவு பருமன், எத்தன கோட்டுனு உக்காந்து முடிவு பண்ணணும். கண்ணாடி ரூம். கன் அடிக்கற இடம் ரெண்டு கட்டடம் தள்ளி. நம்ம பொண்ணே போய்ப் பாத்துட்டு வந்தா. திங்கக்கிழமைக்குள்ள பதில் கேக்கறாங்க." என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இங்க வேலை இருக்கு. உங்களுக்கு ஊதா அடிக்கச் சொல்லித் தரணும். மத்ததெல்லாம் அப்புறம் பாக்கலாம். துணி மாத்துங்க முதல்ல."

இந்த இடத்தில் நான் எப்போதும் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். அவள் பேச்சை ஓரமாகத் தள்ளிவிட வழி காட்டுவாள். நான் ஒரு ஜோக்கைப் போட்டு அந்த வழியிலேயே போய்விடுவேன். இருபத்து நான்கு வருஷமாக அப்படித்தான் எங்கள் வீட்டில் பல விஷயங்கள் முடிவாகாமலே முடிந்திருக்கின்றன.

குழாயை மூடினேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"போகணுமா வேண்டாமான்னு நான் கேக்கல," என்றேன். "போனா நான் என்ன பண்ணுவேன், பட்டறை என்ன ஆகும், அதையும் விடு. உனக்குப் போகணும்னு இருக்கா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் சிரிக்கிறேனா என்று பார்த்தாள். நான் சிரிக்கவில்லை.

"இருக்கு," என்றாள். "இல்லன்னு சொல்லிடலாம்னுதான் இத்தன நாளா பாக்கறேன். வாய் வரல. எனக்குப் போகணும்னு இருக்குங்க. ரொம்ப இருக்கு."